நிழல் கூறும் சான்று

வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவன் ஒருவன் உருக்கினை ஊடுருவும் கதிர்களைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். விஞ்ஞான பீடத்து நண்பர்கள் இதனைத் தம் எல்லைக்குள் அத்துமீறி நுழைந்த செயல் எனக் கொள்ளினும் கொள்வர். ஆயினும் சான்று என்பது யாது, அதனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்னும் வினா எல்லாப் பீடங்களுக்கும் பொதுவானது. அவ்வினாவுக்கு நான் பெற்ற மிகத் தெளிவான விடை விரிவுரை மண்டபத்திலே கிடைத்ததன்று. வளைகுடா நாடுகளின் எண்ணெய்க் குழாய்களைக் கதிர்ப்படம் பிடித்துப் பிழைத்த என் தாய்மாமனிடமிருந்து கிடைத்தது.

தொழிலாளர் ‘வெல்டிங்’ என்றே வழங்கும் உருக்கியொட்டு வேலையைப் பலரும் கண்டிருப்போம். இரு குழாய்களின் விளிம்புகள் உருகி ஒன்றாகின்றன. மேற்புறம் மீன் செதில் போல வரிவரியாக அழகாக இருக்கும். உள்ளேயோ வாயுக் குமிழ் அடைபட்டிருக்கலாம், கசடு தங்கியிருக்கலாம், உலோகம் உருகிச் சேராது ஒரு விளிம்பு தனித்து நிற்கலாம், எல்லாவற்றிலும் கொடியதாகிய வெடிப்பு மயிரிழையாய் ஓடியிருக்கலாம். அறுத்துப் பார்த்தால் உண்மை தெரியும். ஆனால் அறுத்த குழாய் குழாயாகாது. ஆகவே பொருளை அழிக்காமலே அதன் உட்புறத்தை அறியும் வழிகளை மனிதன் தேடினான். அவற்றுள் ஒன்றே கதிர்ப்படச் சோதனை.

எக்ஸ் கதிர் என்றதும் நமக்கு வைத்தியசாலையும் முறிந்த எலும்புமே நினைவுக்கு வருகின்றன. வூர்ட்ஸ்பேர்க் நகரிலே 1895 நவம்பர் 8ஆம் நாள் அக்கதிரைக் கண்ட றொன்ட்ஜன், தம் மனைவியின் கையைப் படம் பிடித்த கதை எல்லோரும் அறிந்தது. அந்த ஆண்டின் இறுதியில் அவர் வெளியிட்ட முதற் கட்டுரையிலேயே, உலோகத் துண்டொன்றின் சீரற்ற தன்மையை இக்கதிர் புலப்படுத்துவதைக் குறித்திருந்தார் என்பது அத்துணை பிரசித்தமானதன்று. 1896இல் தமது வேட்டைத் துப்பாக்கியையும் அவர் படமெடுத்தார். குழலின் உட்குறை அப்படத்திலே தெரிந்தது. மருத்துவத்தையும் உலோகச் சோதனையையும் ஒரே மனிதர் ஒரே ஆண்டளவில் தொடக்கி வைத்தார் எனலாம். எனினும் தடித்த உருக்கை ஊடுருவத்தக்க வலிமையான குழாய்கள் தோன்ற மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1913இல் கூலிட்ஜ் அமைத்த வெப்பத் தங்சுதன் இழைக் குழாயே அதற்கு வழி திறந்தது. 1922இல் ஐக்கிய அமெரிக்காவின் வாட்டர்ரவுன் படைக்கல ஆலையில் லெஸ்ரர் என்பார் வார்ப்பு உலோகங்களை முறையாகச் சோதிக்கத் தொடங்கினார். கொதிகலன்களை ஆணி அறையாது உருக்கியொட்டிச் செய்தல் 1930களில் ஏற்புடையதாயிற்று. கதிர்ப்படம் என்னும் சாட்சி கிடைத்ததே அந்த நம்பிக்கைக்குரிய முக்கிய காரணங்களுள் ஒன்று.

இதன் தத்துவம் எளியது. கதிர் பொருளினூடு செல்கையில் அதன் செறிவு குறைகின்றது. இரிடியம்-192 என்னும் சமதானி வெளிவிடும் காமாக் கதிரை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 13 மில்லிமீற்றர் உருக்கு அக்கதிரைப் பாதியாக்கும். அடுத்த 13 மில்லிமீற்றர் அப்பாதியைப் பாதியாக்கும். எங்கள் முன்னோர் எண்சுவடியில் ஓதிய அரை, கால், அரைக்கால், வீசம் என்னும் வரிசையே இங்கும் நடைபெறுகின்றது. 52 மில்லிமீற்றரின் முடிவில் எஞ்சுவது வீசம். இனி, 25 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள ஒட்டினுள்ளே 1 மில்லிமீற்றர்க் குமிழ் ஒன்று இருப்பதாகக் கொள்க. அவ்விடத்திலே கதிர் கடப்பது 24 மில்லிமீற்றர் உலோகமே. அங்குப் பின்புறம் வந்து சேரும் கதிர், அயலிடத்தைவிட நூற்றுக்கு ஐந்து பங்களவே மிகுதி. அவ்வைந்து பங்கு பிலிமிலே சற்றுக் கருமையான புள்ளியாகப் பதியும். ஆகக் கதிர்ப்படம் என்பது குறையின் உருவமன்று. உலோகம் இல்லாத இடத்தின் நிழல். இல்லாமையே இங்குக் கறுப்பாக எழுதப்படுகின்றது.

எக்ஸ் கதிரோ காமாக் கதிரோ என்னும் தெரிவு பெரும்பாலும் இடத்தையும் தடிப்பையும் பொறுத்தது. எக்ஸ் கதிர்க் கருவிக்கு மின்சாரம் வேண்டும். ஆனால் வோல்ற்றளவைக் கூட்டியும் குறைத்தும் பொருளுக்கேற்பக் கதிரின் வலிமையை அமைக்கலாம். மெல்லிய உருக்குக்கு அதன் படமே சிறந்தது. காமாக் கதிரைத் தரும் சமதானிக்கு மின்சாரம் வேண்டியதில்லை. பாலைவனத்திலும் சாரத்தின் உச்சியிலும் குழாயின் வயிற்றுக்குள்ளும் அதனைக் கொண்டு செல்லலாம். ஆனால் அதன் வலிமையை மாற்றவும் முடியாது. அதனை நிறுத்தவும் முடியாது. இரிடியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறக்குறைய 74 நாள். இன்று ஐந்து நிமிடத்தில் எடுக்கும் படத்துக்கு 74 நாள் கழித்துப் பத்து நிமிடம் வேண்டும். மேலும் தடித்த உலோகத்துக்குக் கோபாற்று-60 பயன்படும். அதன் அரைவாழ்வு 5.27 ஆண்டு. “சம்பளம் குறைஞ்சு கொண்டு போற மாதிரித்தான் சோர்ஸும், தம்பி. ஆனா சோர்ஸ் எவ்வளவு குறையுமெண்டு முதலே சொல்லிப்போடும்” என்பார் மாமா.

நிழல் கூர்மையாக விழ வேண்டுமாயின் விளக்குச் சிறிதாகவும் தொலைவிலும், பொருள் சுவருக்கு அண்மையிலும் இருத்தல் வேண்டும். இதனைச் சிறு பிள்ளையும் சுவரிலே கையால் மான் காட்டி அறியும். இங்கும் அதுவே விதி. 2 மில்லிமீற்றர் அளவான மூலத்தை 400 மில்லிமீற்றர் தூரத்தில் வைத்து 20 மில்லிமீற்றர்த் தடிப்பைப் படமெடுத்தால் நிழலின் விளிம்பு 0.1 மில்லிமீற்றர் மங்கும். தூரத்தைக் கூட்டினால் மங்கல் குறையும். ஆனால் இருமடங்கு தூரத்துக்கு நான்கு மடங்கு நேரம் வேண்டும். கூலி நேரத்தால் அளக்கப்படும் உலகிலே கூர்மைக்கும் விலை உண்டு. பிலிமின் இருபுறமும் மெல்லிய ஈயத் தகடு வைப்பர். அது கதிர்பட்டு இலத்திரன்களை வெளிவிட்டுப் படத்தை வலுப்படுத்தும். வழி தவறிச் சிதறி வரும் மென்கதிரையும் ஓரளவு தடுக்கும். பிலிம் உறையின் பின்புறத்தில் ஈயத்தாலான ‘பி’ என்னும் ஆங்கில எழுத்தொன்றை ஒட்டுவதும் வழக்கம். கழுவிய படத்திலே அவ்வெழுத்து வெளிறித் தெரிந்தால், பின்னாலுள்ள சுவரிலோ நிலத்திலோ பட்டுத் திரும்பிய கதிர் படத்தைக் கெடுத்துவிட்டது என்பது பொருள்.

இவையெல்லாம் நூலிலே படிக்கக்கூடியவை. நூலிலே இருந்தும் நான் கவனியாது கடந்திருக்கக்கூடிய ஒன்றை மாமா தம் கையிலே வைத்துக் காட்டினார். தெளிவான பிளாத்திக்கு உறைக்குள் ஏழு கம்பிகள் சமாந்தரமாகக் கிடந்தன. முதலாவது 0.40 மில்லிமீற்றர் விட்டமுடையது, கடைசியானது 0.10 மில்லிமீற்றர். ஒவ்வொன்றும் முந்தியதிலும் சிறிது மெல்லியது. இதற்குப் படத்தரங்காட்டி என்று பெயர் சொல்லலாம். ஒட்டினைப் படமெடுக்கும்போது இயன்றவரை கதிர் வரும் பக்கத்திலே, ஒட்டுக்குக் குறுக்காக இக்கம்பிகளை வைப்பர். படம் கழுவி வந்ததும் முதலில் தேடுவது குறையை அன்று, கம்பியை. இன்ன தடிப்புக்கு இன்ன கம்பி தெரிய வேண்டும் என்று விதி உண்டு. அக்கம்பி தெரிந்தால் மட்டுமே மற்றவற்றைப் பார்க்கலாம். தெரியாவிட்டால் அப்படம் எத்துணை தூய்மையாய் இருந்தாலும் படமே அன்று.

இதன் பொருளை நான் உணரச் சிறிது நேரம் சென்றது. குறை தெரியாத படம் இருவகைப்படும். குறை இல்லாமையால் தெரியாதது ஒன்று. பார்க்கும் ஆற்றல் இல்லாமையால் தெரியாதது மற்றொன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் வேறாக்குவது அந்த மெல்லிய கம்பி. “இவ்வளவு சிறியதை நான் கண்டேன், ஆகவே இதற்குப் பெரியது இருந்திருந்தால் பெரும்பாலும் கண்டிருப்பேன்” என்று படம் முதலில் தன்னைத்தான் நிரூபிக்கின்றது. அதன் பின்னரே அதன் மௌனத்துக்கு மதிப்பு உண்டு.

பெரும்பாலும் என்று நான் கூறியது காரணத்துடனேயே. கம்பி தெரிந்தாலும் வெடிப்பு மறையலாம். மெல்லிய வெடிப்பு கதிரின் வழியோடு ஒத்து நின்றால் கருங்கோடாக விழும். சாய்ந்து கிடந்தால் நிழலே இல்லை. தகட்டின் முகத்துக்குச் சமாந்தரமாகக் கிடக்கும் படைப்பிளவைக் கதிர் காணவே மாட்டாது. அதற்கு ஒலியலைச் சோதனை வேண்டும். மறுபுறம், இல்லாத குறையையும் பிலிம் காட்டும்: நகம் பட்டு மடிந்த இடம் பிறை போலத் தோன்றும், நிலைமின் பொறி மரக்கிளை போலப் படரும், நீர்த்துளி புள்ளியாகும். பிலிமைச் சாய்த்து அதன் மேற்பரப்பில் ஒளி தெறிக்கப் பார்த்தால் இவற்றுட் பல வெளிப்பட்டுவிடும். இருட்டுக்குக் கண் பழகும்வரை காத்திருந்து, பார்வை விளக்கின்முன் மணிக்கணக்காக இருந்து படம் வாசித்தல் என்பது, தேய்ந்த கல்வெட்டின் மைப்படியை வாசிப்பதற்குச் சற்றும் குறைந்த கலையன்று. போலிச் செப்பேடு போலப் போலிப் படமும் உண்டு. நல்ல ஒட்டொன்றைப் பலமுறை படமெடுத்து வெவ்வேறு இலக்கம் இட்டு ஒப்படைப்பவர் உளர். ஒட்டின் வரிகள் பெருவிரற் பதிவு போல ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், அனுபவமுடையவர் இரண்டு படத்தையும் அருகருகே வைத்துப் பிடித்துவிடுவர்.

கதிர்ப்பட வேலை பெரும்பாலும் இரவில் நடைபெறும். மற்றத் தொழிலாளர் போன பின்னரே கயிறு கட்டி, எச்சரிக்கை விளக்கு வைத்து, மூலத்தைக் கவசப் பெட்டியிலிருந்து வெளியே செலுத்துவர். ஈயத்தினும் அடர்த்தி கூடிய யுரேனியத்தாலான கவசம் அது. நீண்ட கம்பிவடத்தைக் கைபிடியால் சுற்ற, அதன் நுனியிலே மாட்டிய சிறு மூலம் குழாய் வழியே சென்று ஒட்டை அடையும். நேரம் முடிந்ததும் திரும்ப இழுக்கப்படும். திரும்பிவிட்டதா என்பதைக் கண் அறியாது, அளவுமானியே அறியும். 1984இல் மொரொக்கோவின் முகம்மதியாவில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த மின்னிலையம் ஒன்றில் ஒட்டுக்களைச் சோதிக்கப் பயன்பட்ட இரிடியம் மூலம் வடத்திலிருந்து கழன்று நிலத்தில் விழுந்தது. சிறிய உலோக உருளை அது. கண்டெடுத்த ஒருவர் வீட்டுக்குக் கொண்டு சென்றார். அவரும் குடும்பத்தவரும் உறவினருமாக எட்டுப் பேர் மாண்டனர். நஞ்சு என்றே முதலில் எண்ணினர். கதிர் என்னும் ஐயம் கடைசி மரணத்தின் பின்னரே எழுந்தது. 1999இல் பேரு நாட்டின் யனங்கோ நீர்மின் நிலையத்தில் ஒட்டுத் தொழிலாளி ஒருவர் அத்தகைய மூலத்தை எடுத்துக் காற்சட்டைப் பையில் இட்டார், காலை இழந்தார். மாமா வேலைக்குச் சேர்ந்த நாளில் இத்தகைய படங்களைக் காட்டியே பயிற்சி தொடங்கியதாம். அன்றிரவு தமக்குச் சோறு இறங்கவில்லை என்று அவர் சொன்னார்.

இனி, அவருடைய தொழில் வாழ்வில் நேர்ந்த ஒன்று. நிறுவனத்தின் பெயரும் நாட்டின் பெயரும் இங்கு வேண்டியதில்லை. ஓரிரவு பதினெட்டு ஒட்டுக்களைப் படமெடுத்தனர். விடியற்காலையில் மாமா பிலிம்களை விளக்கில் வைத்தார். எல்லாம் தூய்மையாய் இருந்தன; ஒரு புள்ளிதானும் இல்லை. ஆனால் தெரிய வேண்டிய கம்பி ஒன்றிலும் தெரியவில்லை. அதற்கு முந்திய தடித்த கம்பி மட்டுமே தெரிந்தது. பிலிமைக் குழாயோடு இறுகக் கட்டாமையே காரணமென்று அவர் கருதினார். குழாயைப் புதைக்க மண்வெட்டும் இயந்திரம் காத்து நின்றது. ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் வந்து, குறை ஏதும் தெரிகின்றதா என்று வினவினார். இல்லை என்றார் மாமா. அப்படியாயின் கையெழுத்திடலாமே என்றார் அவர். குறை தெரியவில்லை என்பது உண்மை. குறை இல்லை என்று எழுத என்னிடம் படம் இல்லை என்று மாமா விடை கூறினார். இரண்டு வாக்கியங்களுக்கும் என்ன வேறுபாடு என்று அந்த மேற்பார்வையாளர் உண்மையாகவே புரியாமல் கேட்டாராம்.

மேலும் இரண்டு இரவுகள் சென்றன. பதினெட்டையும் மீண்டும் எடுத்தனர். கம்பி தெளிவாகத் தெரிந்தது. பதினேழு ஒட்டுக்களில் யாதொரு குறையும் இல்லை. ஒன்றிலே சிறு கசடு, அதுவும் விதி அனுமதித்த அளவுக்கு உட்பட்டது. பதினெட்டும் தேறின. இரண்டு நாள் தாமதத்துக்கான செலவு யார் தலையிலோ விழுந்தது. அடுத்த ஆண்டு மாமாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் எழுத்தில் எதுவும் தரப்படவில்லை.

அவர் திரும்பி வந்தபோது வீட்டின் இரு அறைகளுக்குக் கூரை ஏறியிருக்கவில்லை. மாமி பலநாள் மனத்தில் வைத்திருந்ததை ஒருநாள் என் முன்னிலையிலேயே கேட்டுவிட்டார்: “இஞ்சாருங்கோ, எல்லாம் நல்ல ஒட்டெண்டுதானே கடைசியிலை வந்தது. முதலே கையெழுத்தைப் போட்டிருந்தா ஆருக்கு என்ன நட்டம்?” மாமா சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, “நல்லதெண்டு அப்ப எனக்குத் தெரியாதே” என்றார். மாமிக்கு அவ்விடை போதவில்லை. கூரையில்லா அறையை நாள்தோறும் பெருக்கியவர் அவரேயாதலின், போதாதென்பதிலும் நியாயம் உண்டு. குறை ஒன்று பின்னர் வெளிப்பட்டிருந்தால் மாமாவை ஊரே போற்றியிருக்கும். ஒட்டுக்கள் நல்லவையாய் இருந்ததே அவருக்கு வினையாயிற்று. ஆயினும் அவர் செய்கையின் சரியும் பிழையும் ஒட்டுக்களின் நன்மை தீமையைப் பொறுத்ததன்று என்றே நான் எண்ணுகின்றேன்.

வரலாற்று மாணவர்களாகிய நாம் இந்த மௌனத்தை எவ்வாறு கையாளுகின்றோம்? கோயிற் கல்வெட்டு விளக்கெரிக்கப் பசு கொடுத்தவரைச் சொல்லும். கல் சுமந்தவரைச் சொல்லாது. கல் சுமந்தவர் இருந்திலர் என எவரும் முடிவு செய்வதில்லை. ஆனால் இன்ன காலத்தில் இன்ன இடத்தில் இன்ன மக்கள் இருந்தமைக்குச் சான்றில்லை என்று எழுதி, அடுத்த பந்தியிலேயே அவர் இருக்கவில்லை என்று எழுதிச் செல்லும் நூல்கள் நம் நூலகத்திலே குறைவல்ல. இத்தீவிலே அத்தகைய வாக்கியங்கள் ஏட்டோடு நின்றுவிடுவதுமில்லை. அச்சான்று அத்தகைய மக்களைக் காட்டும் ஆற்றலுடையதா என்று முதலில் வினவுவோர் எத்துணைப் பேர்? தன்கீழ் வாழ்ந்த எளியோர் வேறொருவரையேனும் ஓர் ஏடு பதிவு செய்திருக்கின்றதா என்று பார்ப்பது, ஒருவகையில் கம்பியைத் தேடுவதேயாகும். எங்கள் துறையில் அக்கம்பி ஆயத்தமாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் நாமே தேடி வைக்க வேண்டியிருக்கின்றது.

இரு துறைகளும் நேரே சந்தித்த இடம் ஒன்று உண்டு. 1900இல் கிரேக்கத்தின் அன்ரிகித்தேரா தீவருகே கடற்பஞ்சு எடுப்போர் மூழ்கிய கப்பலொன்றைக் கண்டனர். அடுத்த ஆண்டளவில் அங்கிருந்து எடுக்கப்பட்ட பொருள்களுள் துருவேறிய வெண்கலக் கட்டி ஒன்றும் இருந்தது. அதனுள்ளே பற்சக்கரங்கள் இருந்தன. உடைத்துப் பார்க்க எவரும் துணியவில்லை. 1971இல் டெரெக் டி சொல்லா பிறைஸ் என்னும் விஞ்ஞான வரலாற்றாசிரியர், கரக்காலொஸ் என்னும் கிரேக்க பௌதிகவியலாளரின் துணையோடு அதனைக் காமாக் கதிராலும் பின்னர் எக்ஸ் கதிராலும் படமெடுத்தார். ஏறத்தாழ முப்பது சக்கரங்கள் தெரிந்தன. ஞாயிறு திங்களின் இயக்கத்தைக் கணிக்கும் பொறி அது என்று 1974இல் அவர் விரிவாக எழுதினார். ஆனால் கதிர்ப்படம் ஆழத்தை அழித்துவிடும். முன்னுள்ள சக்கரமும் பின்னுள்ள சக்கரமும் ஒரே தளத்தில் ஒன்றன்மேலொன்றாக விழும். அக்குவியலை வாசித்த பிறைஸ், இரு சுழற்சிகளின் வேறுபாட்டைத் தரும் ஒரு சிறப்புப் பற்சக்கர அமைப்பு அதனுள் இருப்பதாகக் கருதினார். படையடையாகப் பிரித்துக் காட்டும் பிற்காலப் படங்கள் அக்கருத்தைத் தள்ளிவிட்டன. அவற்றுள் சிறந்தவை 2005இல் எடுக்கப்பட்டவை. அதற்கென இங்கிலாந்திலிருந்து ஏதென்ஸ் அரும்பொருட்சாலைக்குக் கொண்டு செல்லப்பட்ட 450 கிலோவோல்ற்று எக்ஸ் கதிர் இயந்திரம், சுழலிகளின் அலகுகளிலே வெடிப்புத் தேடுவதற்காக உருவாக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது.

இதனை நான் மாமாவுக்குச் சொன்னேன். இப்பொழுது பல இடங்களில் பிலிமும் இருட்டறையும் போய், கணினித் திரையிலேயே படம் தோன்றுகின்றது. கம்பிகள் மட்டும் போகவில்லை. கண்ணில் புரை விழுந்த பின்னர் அவர் படம் வாசிப்பதையும் விட்டுவிட்டார். பிறைஸ் பிழைபட்ட கதையைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. “ஒரு படத்திலை ஆழம் தெரியாது. சோர்ஸை அரக்கி வைச்சு இரண்டாம் படம் எடுத்தா எது எவ்வளவு ஆழத்திலை எண்டு கணக்குப் பார்க்கலாம்” என்றார். பின்னர் அந்தக் கட்டி எத்தனை மில்லிமீற்றர்த் தடிப்பு, துருவேறிய வெண்கலமாயின் உருக்கோடு ஒப்பிட எவ்வளவு குறைத்துக் கணக்கிட வேண்டும், எந்தச் சமதானியைப் பாவித்தார்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கத் தொடங்கினார். என் விரிவுரைக் குறிப்பேட்டின் பின்தாளைக் கிழித்து வாங்கி, அதிலே மூலத்துக்கும் பிலிமுக்கும் இடைப்பட்ட தூரத்தை முதலில் எழுதினார்.